மறுமொழி

பெரியப்பாவின் அந்தியேட்டிக்கு இன்னும் ஒன்பது நாள். அவருடைய வாழ்க்கையைச் சொல்லுகிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்க்கப் போன இடத்தில் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததில் பக்கங்கள் பிந்திவிட்டன. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து ஐந்தரை மட்டும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, பல்கலைக்கழகப் பிள்ளைகள் நம்பியிருக்கிற கடைகளில் ஒன்று. முன்னுக்கு இரண்டு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு லமினேற்றிங் மெஷின், சுவரோடு மூன்று கணினி. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். தட்டச்சு செய்கிற பிள்ளைக்கு இருபத்தைந்து.

அந்தப் பிள்ளைதான் கல்வெட்டும் அடிக்கிறது, வேலைக்குப் போடுகிற சீவியும் அடிக்கிறது. திரையில் என் பெரியப்பாவின் பக்கத்தை மூடினால் கீழே யாரோ ஒரு பட்டதாரியின் பக்கம் கிடக்கிறது. எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எங்கே வேலை பார்த்தார் என்று இரண்டும் ஒரே ஒழுங்கில்தான் போகின்றன. கல்வெட்டில் இன்னாருக்கும் இன்னாருக்கும் மகனாகப் பிறந்து என்பது முதல் வரி. சீவியில் அந்த வரி ஒரு காலத்தில் மேலே இருந்தது, பிறகு கீழே இறங்கியது, இப்போது பலவற்றில் இல்லை.

முதலில் வந்தவன் மெலிந்த ஒரு பெடியன். பென்ட்ரைவை நீட்டிக்கொண்டே சொன்னான். "அக்கா, ஒரு சின்ன மாற்றம். எட்டு மாதம் எண்டு கிடக்கிறதை ரெண்டு வருசம் எண்டு போட்டுவிடுங்கோ."

பிள்ளையின் விரல்கள் நின்றன. ஏசவில்லை. "என்ன வேலைக்கு, தம்பி?"

"புதுசாச் சேருற ஆக்களுக்கு எண்டுதான் போட்டிருக்கினம். ஆனா ரெண்டு வருச அனுபவம் வேணுமாம்."

பின்னால் காகிதக் கட்டை உடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் தலையை நிமிர்த்தவில்லை. "அந்த எட்டு மாதத்திலை நீர் என்ன செய்தனீர்?"

பெடியன் ஒரே மூச்சில் சொன்னான். சங்கக் கடையின் இருப்புக் கணக்கைக் கைபேசியில் பார்க்கிற மாதிரி ஒரு செயலி. அரிசி எத்தனை மூட்டை, பருப்பு எவ்வளவு, எந்தக் கிளையில் எது முடியப்போகிறது என்று காட்டும். இணைப்பு அறுந்தாலும் கணக்கு அழியாது, வந்தவுடன் தானாகச் சேரும். மூன்று கிளையில் இப்போதும் ஓடுகிறது.

"அப்ப அதை எழுதுமன்."

எழுதினார்கள். நான்கு வரி வந்தது. எட்டு மாதம் எட்டு மாதமாகவே இருந்தது. அவன் முகத்தில் நிறைவு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை, பயம் இருந்தது தெரிந்தது. புதியவர்களைக் கூப்பிட்டுவிட்டு இரண்டு வருடத்தைக் கேட்கிற விளம்பரம், பொய்யை எழுதித் தரச் சொல்லித்தான் கேட்கிறது. அந்தப் பொய்யைச் சொல்லாத பிள்ளை வரிசையில் பின்னுக்குப் போகிறது. பிறகு அதே கொம்பனிக்காரர்தான் விண்ணப்பதாரரை நம்ப முடியவில்லை என்கிறார்.

மின்சாரம் போனது. கடைக்காரர் வாசலுக்கு வந்து நின்றார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது, இந்தப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நேர்முகத்தின் நடுவில் திரை இருண்டிருக்கும் என்று யோசித்தேன். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் ஓர் இருண்ட சதுரத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்? இவன் ஓடிவிட்டான் என்றா, நாடு இருண்டுவிட்டது என்றா?

கையில் இருந்த மெய்ப்பைப் பார்த்தேன். பெரியப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, மலாயா றெயில்வேயில் கிளாக்கர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தோடு கப்பல் ஏறின யாழ்ப்பாணத்தார் ஆயிரக்கணக்கானோர். வட்டுக்கோட்டையில் 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினறி அந்த ஆங்கிலத்துக்கு ஒரு வேர். ஒருவர் கோலாலம்பூரில் காலூன்றினால் அடுத்த கப்பலில் மருமகன், அதற்கடுத்ததில் மச்சான். துரையிடம் போய் இவன் எங்கடை பெடியன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இன்றைக்கு மென்பொருள் கொம்பனிகள் ரெஃபரல் என்று சொல்லி, ஆள் கொண்டுவந்தவருக்குக் காசும் கொடுக்கிறார்களே, அதேதான். சொன்னவரின் மானம் அந்தப் பெடியனின் முதுகில் ஏறியிருந்தது. அவன் பிழை விட்டால் மாமனுக்குத் தலைகுனிவு.

பெரியப்பா அந்த வழியில் போகவில்லை. சோதனை எழுதினார். யாருடைய மகன் என்று பார்க்காமல் புள்ளியை மட்டும் பார்க்கிற கதவு அது. 1957இல் கொழும்பில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். அதற்கு முந்தின வருடம்தான் தனிச் சிங்களச் சட்டம் வந்திருந்தது. சிங்களச் சோதனையில் சித்தியடையாதவருக்குச் சம்பள உயர்வு இல்லை, பிறகு வேலையும் இல்லை என்ற நிலை. புள்ளியை நம்பிப் போன ஒரு தலைமுறைக்கு அங்கே முதல் அடி. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் வந்து பிள்ளைகளுக்கும் விழுந்தது. கல்வெட்டில் இதெல்லாம் ஒரு வரிதான்: "சொற்ப காலம் அரச சேவையில் கடமையாற்றி". நான் அந்த வரியைத் திருத்தவில்லை.

மூன்று மணி கடந்து ஒரு பிள்ளை வந்தது. போட்டோக்கொப்பிக்குக் கொடுத்துவிட்டுக் காத்துநின்ற நேரம் கைபேசி அடித்தது. விறாந்தைக்குப் போனாள். செவிக்கருவி இல்லை, வீதி இரைச்சல், ஒலியைக் கூட்டிவைத்தாள். கதிரையில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது, எழுந்து போக இடமில்லை.

தொடக்கம் ஆங்கிலத்தில். நல்ல ஆங்கிலம். செய்த வேலையைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் சொன்னாள். பிறகு அந்தக் குரல் தமிழுக்கு இறங்கியது. நட்பான குரல்தான்.

"யாழ்ப்பாணத்திலை எவடம்?"

ஊரைச் சொன்னாள்.

"அதிலை எந்தப் பக்கம்?"

"சந்தியடி."

"கோயிலுக்கு இங்காலையோ, அங்காலையோ?"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். சுண்ணாம்பு உரிந்திருந்த இடத்தில் நகத்தை வைத்தபடி சொன்னாள். "நான் வீட்டிலை இருந்துதான் வேலை செய்வன், ஸேர். லைன் நல்லா இருக்கு. பைபர் போட்டிருக்கிறம்."

அந்தப் பக்கத்தில் கொஞ்சம் மௌனம். சரி, அறிவிக்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். நகம் பட்ட இடத்தில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அவள் துப்பட்டாவில் விரலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்து காசைக் கொடுத்தாள்.

இந்த மண்ணில் பிறந்த எவருக்கும் அந்தக் கேள்வி விளங்கும். எந்தப் பக்கம் என்று கேட்பவர் வழி கேட்பதில்லை. சாதி கேட்கிறார். ஆற்றை பிள்ளை என்று கேட்டு வேலை கொடுத்த காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுகிற என் வயதுக்காரர் இதை ஒருக்கால் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும். அந்த நம்பிக்கை சிலருக்கு நிழலாக இருந்தது, மற்றவர்களுக்கு அதே இடத்தில் படலை சாத்தியிருந்தது. முகம் தெரியாத வெளிநாட்டுக்காரன் அவளின் நிரலை மட்டும் பார்த்து வேலை கொடுத்தால், அவளுடைய குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குக் கிடைக்காத மரியாதை அது. அதனால்தான் திரைவழி வருகிற இந்த வேலைகளை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். அதனால்தான் அந்தத் திரையில் பொய் நிற்கும்போது வயிறு எரிகிறது.

இரண்டு கம்பஸ் பெடியள் ஸ்பைரல் பைண்டிங்குக்குக் காத்துநின்றார்கள். 2012இல் யாழ் ஐ.ரி. ஹப் தொடங்கிய யாழ் கீக் சலஞ் போட்டியில் தன் அண்ணன் பங்குபற்றின கதையை ஒருவன் சொல்லிக்கொண்டிருந்தான். யாழ்ப்பாணத்தை அடுத்த சிலிக்கன் பள்ளத்தாக்காக ஆக்கவேண்டும் என்று கிளம்பியவர்கள் அவர்கள். அந்தக் கனவு இந்தப் பிள்ளைகளின் பேச்சில் இப்போதும் இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. மற்றவன் கைபேசியைக் காட்டினான்.

"மச்சான், இவன் லிங்க்ட்இன்னிலை வந்தவன். டொலரிலை சம்பளமாம். முதல்லை ஒரு ரெஸ்ற். இந்தக் கோட்டை இறக்கி ஓடவிட்டுப் பிழையைத் திருத்தட்டாம்."

"ஓடவிட்டனீயோ?"

"இன்னும் இல்லை."

"ஓடவிடாதை. உன்ரை லப்ரொப்பிலை இருக்கிற பாஸ்வேட் எல்லாம் போயிடும்."

சொன்னவன் சரியாகத்தான் சொன்னான். ஆள் எடுப்பவர் போல வந்து, பரீட்சை என்று நிரலைக் கொடுத்து, அதை ஓட்டியவரின் கணினிக்குள் புகுகிற கூட்டங்களைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2023இலிருந்து எழுதிவருகிறார்கள். வடகொரியாவோடு தொடர்புபடுத்தப்பட்டவர்கள் அவர்கள். அதற்கு முன், 2022 மார்ச்சில், வியட்நாமில் இயங்கும் ஒரு விளையாட்டு நிறுவனத்தின் ரோனின் என்ற வலையமைப்பிலிருந்து 60 கோடி டொலருக்கு மேல் களவு போனது. அந்த நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவருக்குப் போலி நேர்முகங்கள் வைத்து, பெரிய சம்பளத்தோடு வேலைக் கடிதம் என்று ஒரு கோப்பை அனுப்பித்தான் உள்ளே நுழைந்தார்கள் என்று பிறகு செய்தி வந்தது. மறுபக்கமும் இதே கதை. நோபிஃபோர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனமே, களவாடிய அடையாளத்தோடு வந்த ஒரு வடகொரியரை வேலைக்கு எடுத்துவிட்டதாக 2024 ஜூலையில் தானாக வெளியே சொன்னது. மறைக்காமல் சொன்னதற்கு அவர்களை மதிக்கிறேன். லிங்க்ட்இன்னை மைக்ரோசொப்ட் 2016இல் 2,620 கோடி டொலர் கொடுத்து வாங்கியது. முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நம்புகிற ஓர் இடத்துக்கு அவ்வளவு விலை. அந்த நம்பிக்கையைத் தின்கிறவனும் அங்கேயே குடியிருக்கிறான்.

ஒரு தகப்பன் மகளின் நியமனக் கடிதத்தைக் கொண்டுவந்தார். கமக்காரர், காலில் செம்மண். மகள் கைபேசியில் அனுப்பியதை அச்செடுத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். கொம்பனியின் பி.வி. பதிவிலக்கம் இருந்தது, கொழும்பு முகவரி இருந்தது. "ஈ.பி.எப். போட்டிருக்கோ, பிள்ளை?" போட்டிருந்தது. அவளிடமிருந்து 8 வீதம், கொம்பனி 12, அதோடு ஈ.ரி.எப். 3. ஈ.பி.எப்., ஊழியர் சேமலாப நிதி, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. அந்த ஒரு வரி இருந்தால் கொம்பனி உண்மை என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று பிரதி எடுத்தார். ஒன்று சாமியறைக்காம்.

நாலரை மணியிருக்கும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. கைப்பைக்குள் பொலித்தீன், பொலித்தீனுக்குள் கடவுச்சீட்டு. "எல்லாப் பக்கமும் ஒவ்வொரு கொப்பி. பிறகு அதை வட்ஸ்அப்பிலை அனுப்பிவிடவேணும், பிள்ளை, எனக்கு அது தெரியாது."

"ஆருக்கு அம்மா அனுப்பிறது?"

"மகனுக்கு வேலை சரிவந்திருக்கு. தாய்லாந்திலை, கொம்பியூட்டர் வேலை. டேட்டா என்ட்ரியாம். கொழும்பிலை ஒரு தம்பி செய்து தாறார்."

பிள்ளை கடவுச்சீட்டை வாங்கினாள். கண்ணாடியில் வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏஜென்சிக்கு என்ன பேர்?"

"அந்தத் தம்பியின்ரை பேர்தான் தெரியும்."

"வேலை விசாவோ, விசிற் விசாவோ?"

"முதல் விசிற்றிலை போய், அங்கை மாத்திறதாம்."

மெஷின் சும்மா இரைந்துகொண்டிருந்தது. பேச்சு அடங்கிவிட்டது, பைண்டிங்குக்கு நின்ற பெடியள் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தெரியும் அடுத்த ஊரின் பெயர். மியாவடி. தாய்லாந்து எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம், மியன்மாரில். கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகளைக் கடத்திப்போய் அடைத்துவைத்து, இணையத்தில் மற்றவர்களை ஏமாற்ற வைத்து, மறுத்தவர்களை அடித்த முகாம்கள் அங்கே. 2024இலும் அதற்குப் பிறகும் கூட்டம் கூட்டமாக மீட்டுக் கொண்டுவந்தார்கள். போனவர்களில் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள். இதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்த அம்மாவின் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்துவிட்டு என்னால் முடியவில்லை. எத்தனை நாளைக்குப் பிறகு வந்த நிம்மதியோ.

பிள்ளைக்கு முடிந்தது. கதிரையை இழுத்து அந்த அம்மாவை இருத்தினாள். "அம்மா, கோபிக்காதேங்கோ. இதை அனுப்ப முதல் ஒருக்கால் கேட்டுப் பாப்பம்." வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தை அடித்து, ஒலியைக் கூட்டி, கைபேசியை இருவருக்கும் நடுவில் மேசையில் வைத்தாள். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி உரிமம் இல்லாதவர் வெளிநாட்டுக்கு ஆள் சேர்க்க முடியாது என்பதை அவள் எங்கேயோ படித்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் இதே மேசையில் முன்னொரு நாள் கற்றிருக்கவேண்டும். பாட்டு ஓடியது. காத்திருக்கச் சொன்னது. அம்மா பொலித்தீனை மடித்து விரித்து மடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு குரல் வந்து, ஏஜென்சியின் பெயரும் உரிம இலக்கமும் கேட்டது. இரண்டும் இல்லை. விசிற் விசாவில் வேலைக்குப் போகவேண்டாம் என்று அந்தக் குரல் சொன்னது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கடவுச்சீட்டை வாங்கிப் பொலித்தீனுக்குள் வைத்தார். "ஐஞ்சு லட்சம் குடுத்திட்டம், பிள்ளை," என்றார். கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "மகனைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு வாங்கோ அம்மா. முறைப்பாடு எழுதித் தாறம்." அவர் குடித்துவிட்டு, கொப்பிக்கு எவ்வளவு என்று கேட்டார். கொப்பியே எடுக்கவில்லை என்றாள் பிள்ளை.

அந்த அம்மா நாளைக்கு வருவாரா, மகன் விடுவானா, எனக்குத் தெரியாது. ஒரு மெசேஜுக்கும் மறுமொழி வராமல் ஆறு மாதம் வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு, உடனே மறுமொழி போடுகிற ஒருவன் கிடைத்தால் அவனைத்தான் நம்பும். கள்ளனுக்கு எப்போதும் நேரம் இருக்கிறது. விடிய இரண்டு மணிக்கும் பதில் எழுதுவான்.

கடை கொஞ்சம் ஓய்ந்தபோது கடைக்காரர் பிளேன்ரீயோடு வந்து பிள்ளையிடம் கேட்டார்: "உம்மடை அந்தக் கொழும்புக் கொம்பனி, மறுமொழி வந்ததோ?"

"இல்லை."

"மூண்டு தரம் கதைச்சவையெல்லே?"

"ஓம். வேலையும் ஒண்டு தந்து செய்விச்சவை. நாலு இரவு முழிச்சு இருந்து செய்து குடுத்தனான். ரெண்டு மாதமாச்சு." திரையில் என் பெரியப்பாவின் பக்கத்தைத் திறந்தபடி சொன்னாள். "இல்லையெண்டாவது சொல்லியிருக்கலாம்."

யாழ்ப்பாணத்தில் சோதனை முடிவையும் மறுமொழி என்றுதான் சொல்லுவோம். சித்தி என்றாலும் பிழை என்றாலும் அது மறுமொழி. எழுதியவருக்கு அது வந்தே தீரவேண்டும். பெரியப்பாவின் றங்குப் பெட்டியில் நியமனக் கடிதத்தோடு வேறு மூன்று கடிதங்களும் இருந்தன. ஓ.எச்.எம்.எஸ். என்று அச்சிட்ட மண்ணிற அரசாங்க உறைகள். மூன்றும் வருந்துகிறோம் என்று எழுதியவை. இடமில்லை என்று சொன்ன கடிதங்களை ஒரு மனிதர் அறுபத்தைந்து வருடம் ஏன் பத்திரப்படுத்தினார் என்று செத்தவீட்டன்று எங்களுக்கு விளங்கவில்லை. அந்தக் கதிரையில் இருந்தபோது விளங்கியது போலிருந்தது. யாரோ ஒருவர் அவருடைய பெயரைச் சரியாக எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறார்.

இன்றைக்கு ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது, மனிதக் கண் படுவதற்கு முன் மென்பொருள் பாதியைக் கழிக்கிறது, ஆள் பிடித்துக் கொடுக்கிற முகவருக்குச் சேர்ந்தவரின் பேரில்தான் தரகு வருகிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சேராதவருக்கு எழுத அவருக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. ஆனாலும் நாலு இரவு முழித்த பிள்ளைக்கு இரண்டு வரி எழுதாமல் விடுவதை வேலைப்பளு என்று என்னால் ஏற்க முடியாது. அவர்கள் பேசாமல் விட்ட இடத்தில்தான் தாய்லாந்துக்காரன் வந்து பேசுகிறான்.

ஐந்தரைக்கு என் மெய்ப்பு முடிந்தது. கடை சாத்துமுன் பிள்ளை மெஷின் மூடியைத் தூக்கி, கண்ணாடியைத் துடைக்கத் துணி எடுத்தாள். கண்ணாடியில் ஒரு தாள் கிடந்தது. க.பொ.த. உயர்தரச் சான்றிதழ், அசல். யாரோ கொப்பியை எடுத்துக்கொண்டு அசலை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள் மேசைக்குக் கீழே இருந்து ஒரு பழைய மலிபன் பிஸ்கற் ரின்னை எடுத்தாள். உள்ளே இன்னும் எட்டுப் பத்து: பிறப்பத்தாட்சி, ஓர் அடையாள அட்டை, யாரோ ஒருவரின் பட்டச் சான்றிதழ். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டு குத்தியிருந்தது. கிடைத்த திகதி, எத்தனை தரம் அழைத்தது என்று.

சான்றிதழில் இருந்த பெயரைக் கணினியில் தேடினாள். மத்தியானம் எட்டு மாதத்தை மாற்றக் கேட்ட பெடியன்தான். சீவியில் இலக்கம் இருந்தது. அழைத்தாள். எடுக்கவில்லை. திரும்பவும் அழைத்தாள்.

"தம்பி, நாங்கள் கொப்பிக் கடையிலை இருந்து. உங்கடை ஏ.எல். சேட்டிபிக்கற் இஞ்சை கிடக்கு... ஓம், ஒறிஜினல்... இல்லையில்லை, ஒண்டும் நடக்கேல்லை, பத்திரமாக் கிடக்கு. இண்டைக்கு வரப்போறீரோ? அப்ப நான் ஒரு கால்மணித்தியாலம் நிக்கிறன்."

கைபேசியை வைத்துவிட்டு, பாதி இழுத்த ஷட்டரைத் திரும்ப மேலே தள்ளினாள்.